கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு: மீட்டரிலிருந்து கடைசி சென் வரை

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பில்களைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஒன்றில் 590 யூனிட், மற்றொன்றில் 612. "வெறும் இருபத்திரண்டு யூனிட்தாம்மா கூடியிருக்கு. அதுக்கு எப்படி இருபத்தேழு வெள்ளி ஏறும்? மீட்டர்ல ஏதோ கோளாறு" என்றார். வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டைத்தான்; நூறு சென் ஒரு ரிங்கிட். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உட்கார்ந்து வரி வரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மீட்டரில் கோளாறு இல்லை. பில் போடும் முறையே 2025 ஜூலை 1 முதல் மாறிவிட்டது. நாம் இன்னும் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு புதிய பில்லைப் படிக்கிறோம்.

அன்று அக்காவுக்குச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பில் ஒன்றையும் ஒரு கால்குலேட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் மீட்டரைப் போய்ப் பாருங்கள்

பில் பிறப்பது மீட்டரில். அதனால் பில்லுக்கு முன்னால் மீட்டர். தரைவீடு என்றால் வாசல் பக்கச் சுவரிலோ முன்தூணிலோ இருக்கும். பிளாட், கொண்டோ என்றால் பெரும்பாலும் ஒரு மீட்டர் அறை இருக்கும். அங்கே பல வீட்டு மீட்டர்கள் வரிசையாக இருப்பதால், உங்கள் பில்லில் அச்சாகியிருக்கும் மீட்டர் எண்ணும் மீட்டரின் முகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் ஒப்பிடுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியலாம். ஆனால் மற்ற எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது.

மீட்டர் அளப்பது கிலோவாட் மணியை. நாம் 'யூனிட்' என்று சொல்வது அதைத்தான். 1000 வாட் இழுக்கும் ஒரு சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாமான் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட். மலாயில் இதன் சுருக்கம் 'கே.டபிள்யூ.ஜே'. கடைசி எழுத்து மணியைக் குறிக்கும் 'ஜாம்' என்ற மலாய்ச் சொல்லுக்காக.

பழைய மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுழலும்; அதன் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். எண்கள் வரிசையில் கடைசி எண் சிவப்பாக இருந்தால் அது பத்தில் ஒரு பங்கு, அதை விட்டுவிட்டு மற்றதைப் படிக்க வேண்டும். சின்ன வயதில் நாங்கள் அந்தத் தட்டைப் பார்த்தே வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவோம், அவ்வளவு வேகமாகச் சுற்றும்.

புதிய ஸ்மார்ட் மீட்டரில் தட்டு கிடையாது. திரையில் தேதி, நேரம், யூனிட் என்று மாறி மாறி வரும். யூனிட் வரும்வரை கொஞ்சம் பொறுங்கள். முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். அந்த விளக்கு நமக்கு மிகவும் உதவும், பிறகு வருகிறேன். ஸ்மார்ட் மீட்டர் தன் அளவைத் தானே அனுப்பிவிடும். மீட்டர் பார்ப்பவர் வந்து, கையில் உள்ள கருவியில் பில் அடித்து, தபால் பெட்டியில் செருகிவிட்டுப் போகும் வழக்கம் அந்த வீடுகளில் முடிந்துவிட்டது.

பில்லின் மேல்பகுதியில் பார்க்க வேண்டியவை

எங்கள் அம்மா இன்றும் இதை 'எல்.எல்.என் பில்' என்றுதான் சொல்வார். லெம்பாகா லெட்ரிக் நெகாரா என்ற அந்த மின்சார வாரியம் 1990 செப்டம்பர் 1 அன்று தெனாகா நேஷனல் (டிஎன்பி) என்ற நிறுவனம் ஆகிவிட்டது, ஆனாலும் பழைய பேர் அந்தத் தலைமுறையின் வாயில் நிற்கிறது. பேர் எதுவாக இருந்தாலும், பில்லின் மேல்பகுதியில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

பில் காலம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள். போன மாதத்தோடு ஒப்பிடும்போது 28 நாள் பில்லையும் 33 நாள் பில்லையும் ஒன்றாக வைத்துப் புலம்பக் கூடாது. யூனிட்டை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாருங்கள். அந்த ஓர் எண்தான் உண்மையைச் சொல்லும்.

முந்தைய அளவும் இப்போதைய அளவும். இரண்டையும் கழித்தால் வருவதுதான் நீங்கள் செலவழித்த யூனிட்.

அளவு எடுத்த விதம். 'பாச்சாஆன் செபெனார்' என்றிருந்தால் மீட்டரிலிருந்தே எடுத்த உண்மை அளவு. 'அங்காரான்' என்றிருந்தால் மதிப்பீடு. வாசல் பூட்டியிருந்தாலோ, நாய் குரைத்துக்கொண்டிருந்தாலோ, மீட்டருக்கு முன்னால் அலமாரி வைத்து மறைத்திருந்தாலோ பழைய பழக்கத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். அடுத்த உண்மை அளவு வரும்போது கூடுதலோ குறைவோ சரிக்கட்டப்படும். ஆனால் மதிப்பீடு இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் விட்டுவிடாதீர்கள். சேர்ந்து வரும் சரிக்கட்டுப் பில் மாதச் சம்பளக்காரர் வீட்டை ஒரு ஆட்டு ஆட்டிவிடும். மீட்டரைப் படம் எடுத்து மைடிஎன்பி செயலி வழியாக நீங்களே அளவைக் கொடுக்கலாம்.

நான்கு கட்டணங்கள்

முன்பு இருந்தது படிக்கட்டுக் கணக்கு. முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40 சென், 301-லிருந்து 600 வரை 51.60 சென் என்று போகும். மேல்படிக்குப் போனாலும் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலை மாறாது. பல வருடம் இதிலேயே பழகிவிட்டோம்.

இப்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் மூன்று கட்டணம். மாதம் 1500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இவைதான் விலை:

மின்சக்திக் கட்டணம், பில்லில் 'சாஜ் தெனாகா', 27.03 சென். எரிபொருளும் உற்பத்தியும்.

கொள்ளளவுக் கட்டணம், 'சாஜ் கபாசிட்டி', 4.55 சென். நாம் எந்த நேரம் சுவிட்சைப் போட்டாலும் மின்சாரம் வர வேண்டும் என்றால் மின்நிலையங்கள் தயார் நிலையில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு ஆகும் செலவு.

வலையமைப்புக் கட்டணம், 'சாஜ் ரங்காயான்', 12.85 சென். கோபுரம், கேபிள், துணைமின்நிலையம், நம் தாமான் முனையில் இருக்கும் அந்தப் பச்சைப் பெட்டி வரை.

மூன்றையும் கூட்டினால் 44.43 சென். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, சில்லறைக் கட்டணம், 'சாஜ் பெருஞ்சித்தான்'. மாதம் 10 ரிங்கிட். இதற்கும் யூனிட்டுக்கும் சம்பந்தமில்லை. மீட்டர், பில், வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றுக்கானது. மாதம் 600 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இது தள்ளுபடி.

1500-ஐத் தாண்டினால் மின்சக்திக் கட்டணம் 37.03 சென் ஆகிறது. பெரிய பங்களாவும் வீட்டில் மின்காருக்குச் சார்ஜரும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அது. நம்மில் பெரும்பாலோருக்கு விஷயம் அடுத்த பகுதியில்தான் இருக்கிறது.

கழிவு: பில்லின் உயிர் இங்கேதான்

44.43 சென்னைப் பார்த்து, 'அடேயப்பா, பழைய 21.80 எங்கே போயிற்று' என்று பயப்பட வேண்டாம். பில்லில் 'இன்செந்திஃப் செகாப் தெனாகா' என்று ஒரு வரி, முன்னால் கழித்தல் குறியோடு இருக்கும். சிக்கனமாகச் செலவழிப்பவர்களுக்குக் கொடுக்கும் கழிவு. மாதம் 1000 யூனிட் வரை செலவழிக்கும் வீடுகளுக்கு இது உண்டு. ஒரு யூனிட்டுக்குக் கழிப்பது இவ்வளவு:

200 வரை: 25 சென்
201–250: 24.5 சென்
251–300: 22.5 சென்
301–350: 21 சென்
351–400: 17 சென்
401–450: 14.5 சென்
451–500: 12 சென்
501–550: 10.5 சென்
551–600: 9 சென்
601–650: 7.5 சென்
651–700: 5.5 சென்
701–750: 4.5 சென்
751–800: 4 சென்
801–850: 2.5 சென்
851–900: 1 சென்
901–1000: அரை சென்

இப்போது நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. இந்தக் கழிவு படிக்கட்டுப் போல இல்லை. உங்கள் மாத மொத்தம் எந்த வரியில் விழுகிறதோ, அந்த வரியின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை அத்தனைக்கும். மொத்தம் அடுத்த வரிக்குத் தாவினால், அந்த மாதம் முழுதும் செலவழித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் கழிவு குறைந்துவிடும்.

ஒரு யூனிட் எவ்வளவு பேசும் என்று பாருங்கள். 350 யூனிட்: 44.43-லிருந்து 21 கழித்தால் 23.43 சென், மொத்தம் 82 ரிங்கிட். 351 யூனிட்: 44.43-லிருந்து 17 கழித்தால் 27.43 சென், மொத்தம் 96 ரிங்கிட் 28 சென். ஒரே ஒரு யூனிட், 14 ரிங்கிட்டுக்கு மேல். ஒரு கெண்டித் தண்ணீரை ஐந்தாறு தடவை கொதிக்க வைத்தால் ஒரு யூனிட் போய்விடும்.

எல்லா வரம்புகளும் இவ்வளவு கடுமையில்லை. 200-லிருந்து 201-க்குப் போனால் ஒரு ரிங்கிட் 20 சென்தான் கூடுகிறது. 400-லிருந்து 401-க்கு 10 ரிங்கிட் 30 சென். 450-லிருந்து 451-க்கு 11 ரிங்கிட்டுக்கு மேல். 500-இல் ஏறக்குறைய 8. எல்லாவற்றிலும் பெரியது 600. அதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள்: 300 யூனிட் வீட்டுக்குப் பழைய விலையில் 77 ரிங்கிட் வரும், இப்போது 65 ரிங்கிட் 79 சென். குறைவாகச் செலவழிப்பவர்களுக்கு நல்லது செய்யும் முறைதான். ஆனால் வரம்பு தெரியாதவர்கள் மாதக் கடைசியில் அந்த நன்மையைத் தெரியாமலே இழக்கிறார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. நாலு யூனிட்டைக் கவனித்திருந்தால் பத்து ரிங்கிட் மிஞ்சியிருக்கும். அவர்களுக்குப் பத்து ரிங்கிட் என்பது ஒரு வார மீன்.

600 என்ற கோடு

600-ஐத் தாண்டும்போது பல விஷயங்கள் ஒரே சமயத்தில் வருகின்றன. கழிவு 9 சென்னிலிருந்து 7.5-க்கு இறங்கும். 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் சேரும். 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி வரும். கூடவே 'ஏ.எஃப்.ஏ' என்ற எரிபொருள் சரிக்கட்டலும் சேரும். இது நிலக்கரி, எரிவாயு விலைக்கும் ரிங்கிட் மதிப்புக்கும் ஏற்ப மாதாமாதம் மாறும். கூடவும் செய்யும், குறையவும் செய்யும். 600-க்குள் இருக்கும் வீடுகளுக்கு அது கிடையாது.

அக்காவின் இரண்டு பில்களையும் இப்போது பிரித்துப் போடுவோம்.

590 யூனிட். மின்சக்தி 159.48, கொள்ளளவு 26.85, வலையமைப்பு 75.82. கூட்டினால், சென் பின்னங்களை முழுதாக்குவதில் ஒன்றிரண்டு சென் முன்பின்னாக, 262.14 ரிங்கிட். கழிவு 590 தடவை 9 சென், அதாவது 53.10. மிச்சம் 209.04.

612 யூனிட். 165.42, 27.85, 78.64. மொத்தம் 271.91. கழிவு 7.5 சென் வீதம் 45.90. மிச்சம் 226.01. சில்லறைக் கட்டணம் 10 சேர்த்தால் 236.01.

வித்தியாசம் 26 ரிங்கிட் 97 சென். சேவை வரியும் ஏ.எஃப்.ஏ-வும் இன்னும் சேர்க்கவில்லை. யூனிட் 22 கூடியது. கழிவு மட்டும் ஏழு ரிங்கிட்டுக்கு மேல் சுருங்கியது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப மீட்டர் சரியாத்தான் இருக்கு" என்றார்.

இன்னொரு சின்ன வரி: 'கே.டபிள்யூ.டி.பி.பி', புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி, 1.6 விழுக்காடு. சூரிய சக்தி போன்றவற்றை வளர்க்கும் நிதிக்குப் போகிறது. 300 யூனிட் வரை செலவழிக்கும் வீடுகளுக்கு இல்லை. மேலே நான் போட்ட கணக்குகளில் இதைச் சேர்க்கவில்லை. உங்கள் பில்லில் சில ரிங்கிட் கூட இருந்தால் காரணம் இதுதான்.

அரசாங்கத்தின் இ-காசிஹ் பட்டியலில் பரம ஏழைகளாகப் பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை கழிவு உண்டு. உங்கள் கோயில், சங்க வட்டாரத்தில் தகுதியான குடும்பம் இருந்தால், பதிவு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நாள் கணக்கு வைப்பது

மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் வரம்பை எடுங்கள். பில் வழக்கமாக 380, 390 என்று வந்தால் குறி 350. 610, 640 என்று வந்தால் குறி 600. முப்பதால் வகுங்கள். 600 என்றால் நாளுக்கு 20 யூனிட். 350 என்றால் பதினொன்றரை. 300 என்றால் சரியாகப் பத்து.

ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் செயலியே தினசரிச் செலவைக் காட்டும். பழைய மீட்டர் வீடுகளில் பில் தேதியன்று மீட்டரைப் படம் எடுங்கள், பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு படம். கைபேசியில் படத்துக்குத் தேதி தானாக இருக்கும்; நோட்டுப் புத்தகம்கூட வேண்டாம்.

எந்தச் சாமான் தின்கிறது

நம் வீடுகளில் பில் கூடியதும் முதலில் திட்டு வாங்குவது மாவு அரைக்கும் கிரைண்டர். பாவம் அது. 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மாதம் முழுதும் வாரம் இரண்டு முறை அரைத்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. சத்தம் போடுவதெல்லாம் கரண்ட் தின்பதில்லை.

உண்மையில் தின்பவை மூன்று. ஏர்கோன், குளியலறைச் சுடுநீர்ப் பெட்டி, பழைய ஐஸ்பெட்டி.

ஒரு குதிரைத்திறன் ஏர்கோன், இன்வர்ட்டர் இல்லாதது, கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 850 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் கம்ப்ரசர் ஓடினால் நாலரை யூனிட். மாதம் 135. இரண்டு அறையில் போட்டால் 270. பினாங்கில் மார்ச் மாத வெயிலில் ஏர்கோனைப் போடாதே என்று யாரையும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதற்கும், 25-இல் வைத்துக் காத்தாடியை மெதுவாக ஓட விடுவதற்கும் நிறைய வித்தியாசம். ஃபில்டரை மாதம் ஒரு முறை கழுவுங்கள்; தூசி அடைத்தால் அறை குளிர நேரமாகும், கம்ப்ரசர் அத்தனை நேரமும் ஓடும்.

சுடுநீர்ப் பெட்டி 3600 வாட். பத்து நிமிடக் குளியல் 0.6 யூனிட். நாலு பேர் வீட்டில் நாளுக்கு ஒரு முறை என்றாலே மாதம் 72 யூனிட். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தள்ள 72 தாராளமாகப் போதும்.

ஐஸ்பெட்டிக்கு எங்கள் வீட்டுக் கதையே உண்டு. இங்கேதான் அந்தச் சிவப்பு விளக்கு வருகிறது. ஸ்மார்ட் மீட்டரின் முகத்தில் '1000 இம்ப்' என்று ஒரு குறிப்பு அச்சாகியிருந்தால், விளக்கு ஆயிரம் முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதையே கணக்கில் எடுங்கள். ஆயிரம் என்றால் கணக்கு சுலபம்: 3600-ஐ இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும்.

ஒரு நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் டிபி பெட்டியில் மற்ற எல்லாச் சுவிட்சையும் இறக்கிவிட்டு ஐஸ்பெட்டி இருக்கும் வரிசையை மட்டும் விட்டேன். கைவிளக்கோடு மீட்டருக்கு முன்னால் நின்றேன். மின்னல், இருபது நொடி, மின்னல், இருபது நொடி. 180 வாட். சரி, அது பரவாயில்லை. ஆனால் ஐஸ்பெட்டி கொஞ்ச நேரம் ஓடிக் கொஞ்ச நேரம் ஓய வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் போனேன், அதே இருபது நொடி. ஒரு மணி நேரம் கழித்துப் போனேன், அதே இருபது நொடி. கம்ப்ரசர் மூச்சே விடவில்லை. இப்படி நாள் முழுதும் ஓடினால் 4.3 யூனிட், மாதம் 130.

காலையில் கதவில் ஒரு ரிங்கிட் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் இறுக்கமாகப் பிடித்தது. கீழ்மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தேய்ந்து, அந்த இடைவெளியில் குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. கதவு ரப்பரை மாற்றிய பிறகு மறுபடி மீட்டர் முன் நின்றேன். மின்னிக்கொண்டிருந்த விளக்கு ஒரு கட்டத்தில் நின்றது. நிமிடக் கணக்காக இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த மாதம் அறுபது யூனிட்டுக்கு மேல் குறைந்தது.

இந்தச் சோதனையைச் செய்யும்போது எல்லாச் சுவிட்சையும் இறக்கிய பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், வீட்டு வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் மீட்டருக்குப் பின்னால் வேறு ஏதாவது இணைந்திருக்கலாம். உடனே உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். மீட்டரின் சீலை மட்டும் யாரும் தொடக் கூடாது, 'நான் பார்த்துக்கிறேன்' என்று வரும் தெரிந்தவர் உட்பட. மீட்டரைத் திருத்துவது 1990 மின்சார விநியோகச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் கீழ் குற்றம். மாட்டிக்கொள்வது பில்லில் பேர் உள்ளவர், திருத்திக் கொடுத்தவர் காணாமல் போயிருப்பார்.

நேரத்துக்கு ஏற்ற விலை

ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேர அடிப்படைத் திட்டத்தை விரும்பினால் கேட்டு வாங்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2-லிருந்து இரவு 10 வரை உச்ச நேரம். அப்போது மின்சக்திக் கட்டணம் 28.52 சென். மற்ற நேரமும், சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் 24.43 சென். இது 1500 யூனிட் வரை உள்ள வீடுகளுக்கான விலை. கொள்ளளவும் வலையமைப்பும் அதேதான்.

சாதாரண விலை 27.03. உச்ச நேரத்தில் ஒன்றரை சென் கூடுதல், மற்ற நேரத்தில் 2.6 சென் குறைவு. கணக்குப் போட்டால், உங்கள் மொத்தச் செலவில் அறுபத்து மூன்று விழுக்காட்டுக்கு மேல் உச்ச நேரத்தில் விழுந்தால்தான் நஷ்டம். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்ச நேரம் வெறும் 40. ஏர்கோன் இரவு பத்துக்கு மேல் ஓடும் வீட்டுக்கு இது கண்டிப்பாக லாபம். ஆனால் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். 500 யூனிட்டில் 200 உச்ச நேரத்தில் போனால், மிச்சம் ஏறக்குறைய ஐந்து ரிங்கிட். இதற்காக வீட்டுப் பெண்கள் நடுராத்திரியில் துணி துவைக்க வேண்டும் என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வரம்பைக் கவனிப்பதில் இதைவிட அதிகம் மிஞ்சும்.

வாடகை வீடும் அறையும்

வீடு மாறும் அன்று, சாவி வாங்கும்போதே மீட்டரைப் படம் எடுங்கள். கணக்கை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கெடாய் தெனாகா என்ற டிஎன்பி-யின் வாடிக்கையாளர் சேவை மையத்திலோ செயலியிலோ செய்யலாம். ஏறக்குறைய இரண்டு மாதச் செலவுக்கு ஈடான வைப்புத்தொகை கட்ட வேண்டும். காலி செய்யும்போது கணக்கை மூடினால் அது திரும்ப வரும். மூடாமல் போனால் உங்களுக்குப் பிறகு வந்தவர் போட்ட ஏர்கோனுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர் ஒரே வீட்டில் அறை அறையாகத் தங்குகிறார்கள். வெளியே ஒரே மீட்டர், உள்ளே அறைக்கு ஒரு சின்ன மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிப்பார். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த விலை எங்கிருந்து வந்தது? உதாரணத்துக்கு, வீட்டு மொத்தம் 820 யூனிட். 44.43-இல் 2.5 கழித்து 41.93, மொத்தம் 343.83, சில்லறைக் கட்டணம் சேர்த்து 353.83. வகுத்தால் யூனிட்டுக்கு 43 சென். வரியும் நிதியும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். இதைவிட வெகுவாகக் கூடியிருந்தால், பில்லைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். "அண்ணே, பில்லை ஒரு தடவை பார்க்கலாமா, நாங்களே வகுத்துக்கிறோம்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் காட்டிவிடுவார்கள்.

பில் தவறு என்று தோன்றினால்

கோபத்தோடு போன் எடுப்பதற்கு முன் மீட்டருக்குப் போங்கள். இப்போது மீட்டர் காட்டும் எண், பில்லில் உள்ள எண்ணைவிடக் கூடவே இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பில் தவறு, சந்தேகமே இல்லை. படம் எடுத்துக்கொண்டு 1-300-88-5454-க்குப் பேசுங்கள். கரண்ட் தடைப்பட்டால் 15454. மீட்டரே சரியாக அளக்கவில்லை என்று பட்டால் சோதிக்கச் சொல்லலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் சுருஹான்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையத்திடம் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள், புகார் எண் என்ன என்பதை எழுதி வையுங்கள்.

பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள். தாண்டினால் 1 விழுக்காடு தாமதக் கட்டணம். 'உங்கள் கரண்ட் இன்று துண்டிக்கப்படும், இங்கே அழுத்துங்கள்' என்று வரும் குறுஞ்செய்தியை அழுத்தவே வேண்டாம். செயலியை நீங்களே திறந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவர் வீட்டு மீட்டர். கீழே குரல் பதிவு: "இந்த மாசம் 470 ஆச்சு, இன்னும் ஆறு நாள் இருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு போகலாம்?" கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, "இருபத்தொண்ணு, அக்கா" என்று பதில் போட்டேன்.